மூடப்பட்ட கணக்கும் மூடப்படாத கணக்கும்

"விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு மூடப்பட்டுள்ளது. நிலுவையில் உள்ள தரகுத் தொகை வழங்கப்பட மாட்டாது." இணையச் சூதாட்ட நிறுவனங்களுக்கு ஆட்டக்காரர்களைச் சேர்த்துவிடும் அஃபிலியேட்டுகளுக்கு வரும் கடைசி மின்னஞ்சல் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் அமைகிறது. இரண்டு வாக்கியங்களும் செயப்பாட்டு வினையில் முடிகின்றன. செய்தவர் யார் என்று சொல்லும் கடமையிலிருந்து செயப்பாட்டு வினை பேசுபவரை விடுவிக்கிறது. எழுவாய்க்குரிய இடத்தில் கணக்கு வந்து அமர்ந்துகொள்கிறது. எந்த விதி, எந்த நாளில், எந்தச் செயலால் மீறப்பட்டது என்ற விவரமும் இராது. கதவு தானாகவே சாத்திக்கொண்டதைப் போன்ற தோற்றம் எஞ்சுகிறது.

சூதாட்டத்துக்கு ஆள் சேர்த்தவருக்குக் கூலி கிடைக்காமற்போனால் யார் வருந்தப்போகிறார்கள் என்று கேட்டு இப்பூசல்களைக் கடந்துவிடலாம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும், இருவர் சண்டையிட்டுக்கொள்ளும்போதுதான் அவர்களுக்கிடையே இருந்த கணக்கு வெளியே தெரியவருகிறது. சூதாட்ட நிறுவனத்தின் வருவாய் எங்கிருந்து வருகிறது, அதில் எவருக்கு எவ்வளவு போகிறது, எந்தச் சொல்லைக் கொண்டு யார் யாரை விலக்க முடிகிறது என்பனவற்றை இத்தகராறுகள் காட்டும் அளவுக்கு எந்த விளம்பரமும் காட்டுவதில்லை.

தொழிலின் அமைப்பு எளியது. அஃபிலியேட் தன் இணையதளத்திலோ டெலிகிராம் சேனலிலோ யூடியூப் காணொளியிலோ ஓர் இணைப்பை வைக்கிறார். அதை அழுத்தி உள்ளே சென்று பணம் கட்டி ஆடுபவர் அவருடைய கணக்கில் பதிவாகிறார். கூலி இரண்டு வகைப்படும். ஆளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரே முறை தரப்படுவது ஒன்று. அந்த ஆட்டக்காரர் இழக்கும் பணத்தில் விழுக்காட்டுப் பங்கு தரப்படுவது மற்றொன்று. பங்கு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு மாதத்தில் 10,000 ரூபாய் இழந்தால், போனஸ், வரி, பணப் பரிமாற்றச் செலவு ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவதில் 30 விழுக்காடு அஃபிலியேட்டைச் சேரும். அவர் வென்றுவிட்டால் அஃபிலியேட்டின் கணக்கில் கழிவு விழும். சில நிறுவனங்கள் அக்கழிவை அடுத்த மாதத்துக்கும் எடுத்துச் செல்லும். ஆகவே தான் சேர்த்துவிட்டவர் தோற்க வேண்டும், தொடர்ந்து தோற்க வேண்டும் என்பதில்தான் அவருடைய ஊதியம் அடங்கியிருக்கிறது. இதைக் கூச்சமின்றிச் சொல்லிவிட்டுத்தான் அவருடைய குறைகளுக்குச் செவிசாய்க்க வேண்டும்.

இத்திட்டங்கள் பல தம் பெயரிலேயே 'பார்ட்னர்' என்ற சொல்லைச் சூட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒப்பந்தத்தின் பின்பகுதியைப் புரட்டினால், இதில் உள்ள எதுவும் இருவருக்கிடையே கூட்டாண்மையையோ முகவர் உறவையோ உண்டாக்காது என்ற ஒரு பத்தி தவறாமல் இருக்கும். வரவேற்பறையில் பங்காளி, பத்திரத்தில் அந்நியர். தமிழில் இத்தொழிலுக்கு நேரான சொல் ஏற்கெனவே இருக்கிறது: தரகர். நிலத்துக்கும் மாட்டுக்கும் திருமணத்துக்கும் தரகர் உண்டு. தரகரை ஊர் முழுமையாக நம்பியதில்லை என்பது உண்மை. அதே சமயம் காரியம் முடிந்தபின் தரகைக் கொடுக்காதவரை ஊர் ஏளனம் செய்யாமல் விட்டதும் இல்லை. அந்த இரட்டைப் பார்வையே இங்கும் தேவைப்படுகிறது.

கணக்கை மூடுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. ஒரே ஆள் பல பெயர்களில் கணக்குத் தொடங்கினார். தனக்குத்தானே ஆட்டக்காரராகச் சேர்ந்துகொண்டார். பணம் கொடுத்து ஆட்களை வரவழைத்தார். நிறுவனத்தின் பெயரையே தேடுபொறி விளம்பரத்தில் விலைக்கு எடுத்தார். வேண்டாதவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று மாதங்களாகப் புதிய ஆட்களைச் சேர்க்கவில்லை. கடைசிக் காரணம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. அதில் குற்றம் என்று எதுவும் இல்லை. பழைய ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். புதியவர்களைக் கொண்டுவராததால் பழையவர்கள் மீதான பங்கும் போய்விடுகிறது.

நிறுவனங்களின் தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆளொன்றுக்கு இவ்வளவு என்ற முறையில், குறைந்தபட்சத் தொகையைத் தானே கட்டிப் போலி ஆட்டக்காரர்களை உருவாக்கிப் பணம் பறிப்பது நடக்கிறது. அஃபிலியேட் மோசடி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குச் சூதாட்டத்துக்கு வெளியே ஒரு தெளிவான சான்று உண்டு. இபே நிறுவனத்தின் முன்னணி அஃபிலியேட் ஒருவர், தம் பக்கங்களைப் பார்க்க வந்தவர்களின் கணினியில் அவர்கள் அறியாமலேயே குக்கீயைப் பதித்து, அவர்கள் பின்னாளில் இபேயில் வாங்கிய பொருள்களுக்கெல்லாம் தரகு பெற்றுவந்தார். அவர் பெற்ற தொகை ஒரு கோடி டாலருக்கும் அதிகம். 2008இல் இபே வழக்குத் தொடுத்தது. குற்ற வழக்கும் தொடர்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2014இல் ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே 'மோசடி' என்ற சொல்லுக்குப் பின்னால் பதிவுகள் இருந்தன, நாள்கள் இருந்தன, எதிர்வாதம் செய்ய வாய்ப்பு இருந்தது, தீர்ப்பைச் சொன்னவர் மூன்றாமவர்.

சூதாட்டத் திட்டங்களின் ஒப்பந்தத்தில் அந்த மூன்றாமவர் இல்லை. மோசடி எது என்பதை நிறுவனமே தன் முழு விருப்புரிமையின்படி முடிவுசெய்யும், அம்முடிவே இறுதியானது, காரணம் கூறத் தேவையில்லை. பந்து வீசியவரே நடுவராகவும் நின்று விரலைத் தூக்கும் கிரிக்கெட் இது. ஜே. எல். ஆஸ்டின் தம் விரிவுரைகளில் (அவை 1962இல் நூலாயின) சொல்லால் நிகழும் செயல்களைப் பற்றிப் பேசும்போது, அச்செயல்கள் செல்லுபடியாவதற்குச் சில நிபந்தனைகளை வகுத்தார். உரிய நபர், உரிய முறையில், உரிய சூழலில் சொல்ல வேண்டும் என்பன பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்றும் அப்பட்டியலில் இருக்கிறது: சொன்னவர் அதன்பின் சொன்னதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். 'வாக்குறுதி அளிக்கிறேன்' என்றவர் பிறகு அதற்கேற்ப நடக்காவிட்டால் அச்செயலில் ஒரு பழுது நேர்ந்துவிடுகிறது.

அஃபிலியேட் கணக்கு மூடல்களுக்கு இந்த நிபந்தனையையே அளவுகோலாக வைக்கலாம். ஓர் அஃபிலியேட் மோசடியாக ஆட்களைச் சேர்த்தார் என்று நிறுவனம் உண்மையாகவே நம்புமானால், அவ்வழியில் வந்த ஆட்டக்காரர்களை அது என்ன செய்ய வேண்டும்? அவர்கள் போலிகளாக இருந்தால் அவர்களுடைய கணக்குகளும் மூடப்பட வேண்டும். பொய் விளம்பரத்தால் ஏமாற்றி அழைத்துவரப்பட்டவர்களாக இருந்தால் அவர்களுக்கு உண்மை தெரிவிக்கப்பட வேண்டும். அவர்கள் இழந்த பணத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். இவ்விரண்டில் ஒன்றும் நடக்காமல், தரகரின் கணக்கு மட்டும் மூடப்பட்டு ஆட்டக்காரர்களின் கணக்குகள் திறந்தே இருந்து, அவர்களுடைய இழப்பு முழுவதும் நிறுவனத்தையே சேருமானால், 'மோசடி' என்று சொன்னவரே அச்சொல்லை நம்பவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். 30 விழுக்காடு கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் கொடுக்காமலிருக்க ஒரு சொல் உதவியிருக்கிறது, அவ்வளவே.

அஃபிலியேட்டுகள் இந்த வாதத்தைப் பெரும்பாலும் முன்வைப்பதில்லை என்பது வியப்பளிக்கிறது. தாம் நேர்மையானவர்கள் என்றும், பல ஆண்டுகள் உழைத்தவர்கள் என்றும் சொல்கிறார்கள். ஆட்டக்காரர்களின் கணக்குகளையும் மூடு என்று கேட்பதில்லை. கேட்டால் வென்றாலும் வருவாய் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு நடந்தவை இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. அந்நாட்டுச் சூதாட்ட ஆணையத்தின் உரிம விதிகளின்படி, உரிமம் பெற்ற நிறுவனம் தன் சார்பில் செயல்படும் மூன்றாம் தரப்பினரின் நடத்தைக்கும் பொறுப்பாகும். அவ்வாண்டு மே மாதம் பிஜிஓ என்ற நிறுவனத்துக்கு, தன் தளத்திலும் தன் அஃபிலியேட்டுகளின் தளங்களிலும் வெளியான தவறான விளம்பரங்களுக்காக ஆணையம் 3,00,000 பவுண்டு அபராதம் விதித்தது. செப்டம்பரில் விளம்பரத் தரநிலை ஆணையம் நான்கு நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. செய்திக் கட்டுரையின் தோற்றத்தில் எழுதப்பட்ட விளம்பரம் அது: கடனில் மூழ்கிய ஒருவர், நோயுற்ற மனைவி, இணையச் சூதாட்டத்தில் கிடைத்த வெற்றி, தீர்ந்துபோன துயரம். எழுதியவர்கள் அஃபிலியேட்டுகள். தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்ற நிறுவனங்களின் விளக்கம் அவற்றைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை.

அதே செப்டம்பரில் ஸ்கை பெட் நிறுவனம் பிரிட்டனுக்கான தன் அஃபிலியேட் திட்டத்தையே மூடுவதாக அறிவித்தது. மேற்சொன்ன நான்கு நிறுவனங்களுள் அதன் கேசினோவும் ஒன்று. அஃபிலியேட்டுகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறைப் பொறுப்பு கூடிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். தனி ஒருவர்மீது குற்றம் சாட்டப்படவில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டது. ஆட்டக்காரர் உள்ளவரை பங்கு உண்டு என்று நம்பித் தளங்களை வளர்த்தவர்கள் கொந்தளித்தார்கள்.

இந்த மூடலை எப்படி மதிப்பிடுவது? பொய்க் கட்டுரை எழுதும் தரகர்களை ஒழிப்பது பொதுநலனுக்கு உகந்தது. அந்த அளவில் நிறுவனத்தின் முடிவை வரவேற்கலாம். ஆனால் திட்டம் மூடப்பட்டபின், அதுவரை தரகருக்குப் போய்க்கொண்டிருந்த பங்கு எங்கே போகிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. அது ஆட்டக்காரருக்குத் திரும்பவில்லை. ஐயத்துக்குரிய விளம்பரங்களின் வழியே வந்தவர்களைத் தனியே கணக்கெடுத்து, அவர்கள் தங்கள் சக்திக்கு மீறி ஆடுகிறார்களா என்று பார்த்திருந்தால், பொறுப்பு என்ற சொல்லுக்கு ஏற்ற பின்நடத்தை இருந்திருக்கும். பொறுப்பை முன்னிட்டுச் செய்த காரியம் வருவாயையும் கூட்டித் தருமானால், அப்பொறுப்பை இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

சட்டம் இவர்களுக்கு என்ன தருகிறது என்று பார்த்தால், தரகர் பல சட்டங்களின் இடைவெளிகளில் விழுந்து கிடப்பது தெரியும். ஐரோப்பாவில் வணிக முகவர்களைப் பாதுகாக்க 1986இல் ஒரு நெறிமுறை வந்தது. பிரிட்டன் அதை 1993இல் தன் விதிகளாக்கிக்கொண்டது. முதலாளிக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுத்த முகவரை நீக்கினால், அவர் கட்டியெழுப்பிய வணிகத்துக்கு ஈடாக அவருக்குத் தொகை தர வேண்டும் என்பது அதன் சாரம். அஃபிலியேட்டுகளின் மனக்குறையை அப்படியே எழுதிவைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் அது பொருள்களை விற்கும், வாங்கும் முகவர்களுக்கு மட்டுமே உரியது. சூதாட்டம் பொருள் அன்று.

நுகர்வோர் சட்டமும் கைகொடுப்பதில்லை. 2018இல் பெட்ஃபிரெட் நிறுவனத்தின் தளத்தில் பிளாக்ஜாக் ஆடி 17 லட்சம் பவுண்டுக்கு மேல் வென்ற ஒருவருக்கு, மென்பொருளில் கோளாறு என்று கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. கோளாறு நேர்ந்தால் பணம் தர வேண்டியதில்லை என்று விதிமுறைகளில் எழுதியிருக்கிறது என்பது அதன் வாதம். 2021இல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த விதிமுறைகளின் சொற்களை வரிவரியாக ஆராய்ந்தது. அவை அத்தகைய கோளாறை உள்ளடக்கவில்லை என்றும், போதிய அளவில் வாடிக்கையாளரின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை என்றும், நியாயமற்றவை என்றும் கூறி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்த மொழியை ஆராய்பவர்கள் அத்தீர்ப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். சொல்லாராய்ச்சிப் பாடமாகவே வைக்கத் தகுந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் ஒரு பெரும்பகுதி நுகர்வோருக்கு உரியது. அஃபிலியேட் நுகர்வோர் அல்லர், வணிகர். விடுதி அறையில் ஒரு பழைய மடிக்கணினியுடன் உட்கார்ந்திருக்கும் மாணவரும் பன்னாட்டு நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் சமவலிமையுள்ள இரு வணிகர்கள்.

எஞ்சியிருப்பது பொது ஒப்பந்தச் சட்டத்தின் ஒரு மெல்லிய இழை. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பிபி ஷிப்பிங் தொடர்பான ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கப்பலிலிருந்து காணாமற்போன பொறியாளர் தற்கொலை செய்துகொண்டார் என்று நிறுவனம் தானே முடிவுகட்டி, அவருடைய மனைவிக்குரிய இழப்பீட்டை மறுத்திருந்தது. முடிவெடுக்கும் உரிமையை ஒப்பந்தம் நிறுவனத்துக்குத்தான் அளித்திருந்தது. அப்படியிருந்தும், அவ்வுரிமையைத் தன்னிச்சையாகவோ அறிவுக்கொவ்வாத முறையிலோ செலுத்த முடியாது, அத்தகைய முடிவுக்கு வலுவான சான்று வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 'முழு விருப்புரிமை' என்ற தொடருக்கும் ஓர் எல்லை உண்டு என்பது இதனால் விளங்குகிறது. மால்டாவின் சட்டத்துக்கோ கியூராசாவின் சட்டத்துக்கோ உட்பட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, சில லட்சம் ரூபாய்க்காக எவர் எந்த நீதிமன்றத்தின் படியேறி அந்த எல்லையைச் சுட்டிக்காட்டுவார் என்பது வேறு கேள்வி.

இதுவரை சொன்னவை தரகரின் பக்கம் நிற்பவை. ஒப்பந்தத்தின் இலக்கணத்தைப் பார்த்தால் அவருடைய முறையீட்டின் வரம்பும் தெரியும். அதில் நிறுவனம் தன்மை: 'நாங்கள்'. அஃபிலியேட் முன்னிலை: 'நீங்கள்'. ஆட்டக்காரர் படர்க்கை. அவர் எந்த இடத்திலும் பேசுவதுமில்லை, அவரிடம் யாரும் பேசுவதுமில்லை. அவர் பேசப்படுபவர் மட்டுமே. படர்க்கை உண்மையில் ஓர் ஆளைக் குறிப்பதே இல்லை, உரையாடலில் இல்லாததையே குறிக்கிறது என்றார் மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த். பொது இலக்கணக் கோட்பாடாக அதை ஏற்பதில் தயக்கங்கள் உண்டு. இந்த ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை அது அப்படியே பொருந்துகிறது. கணக்கு மூடப்பட்டபின் எழும் பூசலிலும் அதே இலக்கணம்தான். "என் ஆட்டக்காரர்களைத் திருடிவிட்டார்கள்" என்கிறார் அஃபிலியேட். 'என்' என்ற அந்தச் சொல் எதன்மீது உடைமை கொண்டாடுகிறது? ஒரு மனிதரின் எதிர்கால இழப்புகள்மீது.

பிரிட்டன் பிரபுக்கள் அவையின் தேர்வுக்குழு 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, சூதாட்டத் தொழிலின் லாபத்தில் 60 விழுக்காடு, ஏற்கெனவே சூதுக்கு அடிமையானவர்களும் அந்த ஆபத்தில் உள்ளவர்களுமான 5 விழுக்காட்டினரிடமிருந்து வருகிறது என்றது. ஆயுள்பங்கு என்று அஃபிலியேட் கோருவதில் பெரும்பகுதியும் அந்த 5 விழுக்காட்டினரிடமிருந்தே வரும் என்று கருத இடமிருக்கிறது. விட்டுவிட விரும்பியவர்களுக்காக 2018இல் பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. அதில் பெயரைப் பதிந்தால் உரிமம் பெற்ற இணையத் தளங்கள் அவரை உள்ளே விடா. வெகு விரைவிலேயே 'கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோக்கள்' என்று பட்டியல் போட்டு ஆள் சேர்க்கும் அஃபிலியேட் தளங்கள் முளைத்தன. கதவைத் தானே சாத்திக்கொண்டவரைப் பின்வாசல் வழியாக அழைக்கும் வேலை அது. அவ்வேலைக்குக் கூலி மறுக்கப்பட்டது என்று ஒருவர் அழுதால் இரக்கப்படுவது கடினம்.

எனவே இரண்டு தொகைகளை வேறுபடுத்திப் பார்ப்பது தேவையாகிறது. மூடும் நாள்வரை சேர்ந்துவிட்ட தரகு, ஏற்கெனவே முடிந்த வேலையின் கூலி. காரணத்தையும் சான்றையும் எழுத்தில் காட்டாமல் அதைப் பறிமுதல் செய்யும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இருத்தல் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள இணையத் தளங்களுக்கான ஒழுங்குமுறை, தன்னைப் பயன்படுத்தும் வணிகரை நீக்கும் இடைத்தரகுத் தளம் பொதுவாக 30 நாள் முன்னதாகக் காரணத்துடன் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சூதாட்டத் திட்டங்கள் அந்த வரையறைக்குள் நேராக வருவதில்லை. ஆனால் அந்தச் சிறு கடமையை உரிம நிபந்தனையாகச் சேர்ப்பதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. மூடிய நாளுக்குப் பின்னால் வரும் ஆயுள்பங்கு வேறு வகை. ஒருவர் இனிமேல் தோற்கப்போவதன்மீது இன்னொருவருக்குச் சொத்துரிமை உண்டு என்று எந்த நீதிமன்றமும் நிலைநாட்டாமலிருப்பதே நல்லது. அந்தப் பங்கு நிறுவனத்திடமே தங்கிவிடுவதும் நியாயம் ஆகாது. ஆளொன்றுக்கு ஒரே தொகை என்ற முறையிலும் போலிகள் உண்டு, மேலே சொன்னதுபோல். ஆயினும் அதில் பிறர் தோல்வி நீளநீள ஊதியம் நீளும் நிலை இல்லை.

இந்தியாவுக்கு வரும்போது இந்த வாதங்களின் தரையே நழுவிவிடுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஆனால் செல்லாதது வேறு, சட்டவிரோதமானது வேறு. ஹாப்பூர் வணிகர்களுடன் கோதுமை விலைமீது ஊகப் பந்தயம் நடத்திய கூட்டாளிகள் இருவர், நட்டத்தைப் பகிர்ந்துகொள்வதில் மோதிக்கொண்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1959இல் இந்த வேறுபாட்டை உறுதிசெய்தது. பந்தயம் செல்லாதது, ஆனால் அதைச் சார்ந்த கூட்டாண்மை ஒப்பந்தம் சட்டவிரோதமன்று, ஆகவே ஒரு கூட்டாளி மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்கலாம். கெருலால் பாரக் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இதை அறிவார்கள். பழைய பம்பாய் மாகாணத்தில் மட்டும் 1865ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று சார்பு ஒப்பந்தங்களையும் செல்லாதவையாக்கியிருந்தது. அந்த 1959ஆம் ஆண்டு வேறுபாட்டின் நிழலில், அஃபிலியேட் ஒப்பந்தமும் சூதைச் சார்ந்த ஓர் ஒப்பந்தம் மட்டுமே என்று வாதிட ஒரு சிறு இடம் இருந்துவந்தது.

அந்த இடத்தை 2025ஆம் ஆண்டின் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் அடைத்துவிட்டது. ஆகஸ்ட் 20இல் மக்களவையும் 21இல் மாநிலங்களவையும் நிறைவேற்ற, 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பழைய பாகுபாட்டைக் கைவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் அது தடைசெய்கிறது. அவற்றை விளம்பரப்படுத்துபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை எதிர்த்த வழக்குகள் அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. தடை நடப்பில் உள்ளவரை, அஃபிலியேட் ஒப்பந்தத்தின் நோக்கமே சட்டம் விலக்கிய ஒன்று; அதன் பேரில் வழக்குத் தொடுத்தால், சட்டவிரோத நோக்கமுடைய ஒப்பந்தங்கள் செல்லா என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவே முதலில் எதிர்நிற்கும்.

தடையின் நோக்கத்தைக் குறைகூற வேண்டியதில்லை. அதன் ஒரு விளைவு மட்டும் போதிய கவனம் பெறவில்லை. கடல் கடந்து இயங்கும் நிறுவனங்கள் முகவரியை மாற்றிக்கொண்டு நிழல் தளங்களில் தொடர்ந்து ஆட்களைச் சேர்க்க முடியும். அதற்கு இங்குள்ள டெலிகிராம் சேனல்காரர் வேண்டும். அவருடைய கணக்கை எந்த மாதமும் மூடலாம், நிலுவையை விழுங்கலாம், அவரால் எங்கும் போய்ச் சொல்ல முடியாது. தனக்கு வர வேண்டிய தரகை நிறுவ அவர் காட்ட வேண்டிய சான்றுகள், தான் செய்த விளம்பரத்துக்கான சான்றுகளாகவே இருக்கும். புகார் மனுவே வாக்குமூலமாகிவிடும். நிறுவனத்துக்கு இதைவிட வசதியான பணியாளர் கிடைக்க மாட்டார். கூலியின்றி வேலை வாங்குவதற்குத் தடைச்சட்டமே துணைநிற்கும் வினோதம் இது.

தரகரின் கணக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்த நாளில் எவ்வளவு கட்டினார்கள், எவ்வளவு இழந்தார்கள் என்ற விவரங்கள் மாதவாரியாக அங்கே இருக்கும். வெளிநாட்டுத் தளங்களை விசாரிக்கும் அமைப்புகள் வங்கிப் பரிமாற்றங்களைத் துருவித் துருவித் திரட்ட வேண்டிய தகவலில் ஒரு பகுதி அது. குற்றத்தில் பங்குகொண்டவர் முழு உண்மையைக் கூறினால் மன்னிப்பு வழங்கும் ஏற்பாடு நம் குற்றவியல் நடைமுறையில் மிகப் பழையது. அது கடுமையான குற்றங்களையே மனத்தில் கொண்டது. பண விளையாட்டு விளம்பரத்துக்கும் அதுபோன்ற ஒரு வழி திறக்கப்படலாம்: சிறு தரகர் தன் கணக்குப் பதிவுகளை ஒப்படைத்தால் தண்டனையிலிருந்து விலக்கு; நிலுவைத் தரகு அவருக்கு இல்லை; நிறுவனத்திடமிருந்து எப்போதாவது பணம் மீட்கப்பட்டால் அது அந்தப் பதிவுகளில் எண்களாக மட்டும் இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு. 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதிகளைத் திருத்தும் வாய்ப்பு வரும்போதெல்லாம் இப்படி ஒரு பிரிவைச் சேர்ப்பது பற்றிக் கேட்கலாம். சட்டத்துறை மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் சேர்ந்து அதன் வரைவை எழுதிப் பார்க்கலாம். வரைவில் வினைகள் செய்வினையாக இருக்கட்டும். யார் மூடினார், எதை மூடினார் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரியட்டும்.